கழற்றுவதற்கு முன்

மேஸ்திரி வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா டீச்சர்?"

"இல்ல மேஸ்திரி. நீங்கதானே தொட வேணாம்னு போன்ல சொன்னீங்க."

"அதான் வேணும். ராத்திரியெல்லாம் ஆறியிருக்கணும்."

எக்செல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த பையன் டூல்ஸ் பையை இறக்கி வைத்து, சாக்கை விரித்து, பானாக்களை வரிசையாக எடுத்து வைக்கத் தொடங்குகிறான். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்துகிறார். பை அப்படியே இருக்கட்டும்.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் பார்க்கின் வேலியோரம் பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சர் வீட்டு வாசல் நேர் எதிரே தெரிகிறது. ஓட்டு வீடு. ஜன்னல்களுக்கு மேல் மரச்சட்டம் அடித்த மங்கி டாப். இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. இந்த வீடும் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் மட்டும் பழைய கண்டோன்மென்ட் அளவிலேயே இருக்கின்றன. மரத்தடியில் மாருதி 800. வெள்ளை மங்கி மஞ்சள் பாரித்திருக்கிறது. ஏசி இல்லாத மாடல். கே.ஏ. 03 என்று தொடங்கும் எண் பலகையில் எழுத்துகள் கையால் தீட்டியவை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இத்தனை வருடம் ஓட்டிய வண்டி என்பது பின்கண்ணாடிக்குக் கீழே அடுக்கிய பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்தே தெரிகிறது.

டீச்சரம்மா படியில் நின்றபடி சொல்கிறார். காலையில் சாவியைத் திருப்பினால் கீச்சென்று சத்தம்; தெருவே திரும்பிப் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் கோல்ஸ் பார்க் பக்கம் நெரிசலில் நின்றாலும், லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறினாலும் சூட்டைக் காட்டும் முள் மேலே போகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது. தரையில் சொட்டிய தடம் எதுவும் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். கீழே ஒழுகவில்லை என்றால் தண்ணீர் உள்ளே எரிகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டும் என்று சொல்லி, நல்ல பெரிய தொகையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மேஸ்திரி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"முள்ளு ஏறும்போது பேட்டரி லைட்டு எரியுதா டீச்சர்?"

"லேசா மினுக்கும். ஆக்சிலேட்டர அழுத்துனா போயிடும்."

"பெல்ட்ட யாராவது டைட் வெச்சாங்களா?"

"வெச்சாங்களே. சத்தம் வருதுன்னு போனப்பல்லாம் டைட் வெச்சுத்தான் அனுப்பினாங்க."

"தண்ணி கொறைய ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா, அதுக்கப்பறமா?"

டீச்சரம்மா யோசிக்கிறார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிகிறது. "அதுக்கப்பறந்தான்."

மேஸ்திரி தலையாட்டிவிட்டு பானெட்டைத் தூக்குகிறார்.

அவர் கேட்டவை வெறும் பேச்சுக்குக் கேட்ட கேள்விகள் இல்லை. இந்த வண்டியின் மூன்று சிலிண்டர் இஞ்சினில், அடியில் சுழலும் கிராங்க் புல்லியிலிருந்து 'வி' வடிவ ரப்பர் பெல்ட் ஒன்று கிளம்பி, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையும் சேர்த்து இழுக்கிறது. அந்தப் பம்பைத்தான் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்கிறார்கள். பெல்ட் வழுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோகும்: விளக்கு மினுக்கும், முள் ஏறும். முள் மட்டும் ஏறி விளக்கு எரியாமலிருந்தால் தண்ணீர்ப் பக்கம் தேட வேண்டும். விளக்கு மட்டும் எரிந்தால் மின்சாரப் பக்கம். பத்மினி, அம்பாசடர் வண்டிகளில் காற்றாடியும் பம்பின் தண்டிலேயே மாட்டியிருக்கும். பெல்ட் அறுந்தால் காற்றும் போயிற்று, தண்ணீர் ஓட்டமும் போயிற்று. மாருதியில் காற்றாடி தனி மோட்டாரில் ஓடுவது. ஆகவே காற்றாடி ஓடுகிறதே என்று பெல்ட்டை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

பானெட்டைத் தூக்கியவர் இஞ்சினைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, பானெட்டின் உள்பக்கத் தகட்டைப் பார்க்கிறார். சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அதிலேயே ஓட்டுகிறார். தகட்டில் புள்ளி புள்ளியாகக் காய்ந்துபோன வெள்ளைக் கறை. சிதறிக் கிடக்கவில்லை, ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு நேர் கீழே பெல்ட்.

பையனைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டுகிறார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பையன் கோட்டைப் பார்க்கிறான், பெல்ட்டைப் பார்க்கிறான், மறுபடியும் கோட்டைப் பார்க்கிறான். தொழில் கற்றுக்கொடுப்பதில் இதைவிட நல்ல முறை இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்து தண்ணீர். பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. டீச்சரம்மா தினமும் பார்த்துப் பார்த்து ஊற்றியது. இஞ்சின் ஆறியிருப்பதால் தயங்காமல் ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார். சூட்டில் இதைச் செய்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே விரலை விடுகிறார். விரல் நனையவில்லை.

"பாட்டில் ஃபுல்லா இருக்கே மேஸ்திரி?"

"அது பாட்டில் கணக்கு டீச்சர். ரேடியேட்டர் கணக்கு வேற."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். வண்டி சூடாகும்போது தண்ணீர் விரிந்து, மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்குள் போகிறது. ஆறும்போது சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே தண்ணீரைப் பாட்டிலிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. எங்கேயாவது ஒரு சின்னக் கசிவு இருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்துவிடும். பாட்டில் தண்ணீரை இழுக்க வேண்டிய தேவையே வராது. பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வற்றிக்கொண்டே போகும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். அதனால் மேஸ்திரி மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பரை நகத்தால் வருடிப் பார்க்கிறார். விரிசல் இல்லை. நடுவில் இருக்கும் சின்ன வால்வை இழுத்து விடுகிறார், ஒழுங்காக உட்காருகிறது. மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருக்கிறது.

அந்த 0.9 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடி தன் வேலையைச் செய்தால் அதே தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டும்வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் தாங்கும். சென்னையில் ஓடும் வண்டிக்கு வெயில்தான் சோதனை. இந்த ஊரில் ஓடும் வண்டிக்கு உயரமும் ஒரு சோதனை. குளிர்ந்த ஊர்தானே என்று இங்கே ரேடியேட்டரை அலட்சியப்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

வெள்ளைத் துணியை முறுக்கி ரேடியேட்டருக்குள் ஆழமாக விட்டு எடுத்து, ஒட்டிய ஈரத்தை வெளிச்சத்தில் பார்க்கிறார். செம்பழுப்பு. கூலன்ட்டின் பச்சை பெயருக்குத்தான் மிச்சமிருக்கிறது.

"போர் தண்ணியா டீச்சர்?"

"காவேரி வராத நாள்ல போர் தண்ணிதான்."

உப்பும் சுண்ணாம்பும் உள்ள போர் தண்ணீர் சூடாகி ஆறி, ஆறிச் சூடாகி, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களுக்குள் படலம் படலமாகப் படியும். துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போகும். தண்ணீர் உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தத் துணியில் படிந்த கறையே போதும்.

பிறகு ஆயில் டிப் ஸ்டிக். உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவுகிறார். கருப்புத்தான், ஆனால் சுத்தமான கருப்பு. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கிறார். பாலாடை நிறத்தில் எந்தப் பிசுக்கும் இல்லை. ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலும் தண்ணீரும் கலந்திருந்தால் முதலில் இங்கேதான் காட்டும். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு சாட்சி போதாது என்று நினைக்கிறார்போலும்.

ஹோஸ் பைப்புகளைக் கொய்யாப்பழம் வாங்குபவர்போல ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறார். மேல் ஹோஸ் கெட்டியாகவே இருக்கிறது. கீழ் ஹோஸில் கிளிப்பை ஒட்டி லேசான உப்பல். பையன் அதைக் குறித்துக்கொள்கிறான்.

பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஜாகிங் உடையில் ஒரு இளைஞர் வந்து நிற்கிறார். "ஆன்ட்டி, இன்னும் எவ்ளோ நாள் இதோட கஷ்டப்படுவீங்க? எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு புதுசு எடுத்துடுங்க." அக்கறையாகத்தான் சொல்கிறார். டீச்சரம்மா சிரிக்கிறார். பதினைந்து வருடம் முடிந்து, ஐந்தைந்து வருடமாக ஆர்.டி.ஓ.வில் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிற வண்டி. "எனக்கு மார்க்கெட்டும் சர்ச்சும்தாம்ப்பா. அதுக்கு இது போதும்."

இது பிடிவாதம் இல்லை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையால் ஹர்பால் சிங் வாங்கிக்கொண்டதிலிருந்து, 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளிவந்தது வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிய மாடல் இது. புகை விதி கடுமையானதால் 2010 ஏப்ரலிலேயே பெங்களூரு உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றுபோனது. ஆனால் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் இதன் சாமான் இன்னும் கிடைக்கிறது. சாமான் கிடைக்கிறவரை வண்டி ஓடும். சாமானில் எது கெட்டது என்று சரியாகச் சொல்லக்கூடிய ஆள் இருக்கிறவரைதான் அந்தச் சாமானுக்கும் பயன். குறைந்துவருவது அந்த ஆள்தான்.

மேஸ்திரி இப்போது பெல்ட்டுக்கு வருகிறார். புல்லிக்கும் புல்லிக்கும் நடுவே நீளமாக ஓடும் பகுதியில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். அரை அங்குலமாவது இறங்க வேண்டும். அசையவே மாட்டேன் என்கிறது.

"எவண்டா இவ்ளோ முறுக்குனான்?" அன்று அவர் குரலில் கோபம் வந்தது இந்த ஒரே ஒரு முறைதான்.

பெல்ட்டை லேசாகப் புரட்டிப் பக்கச் சுவரில் டார்ச் அடிக்கிறார். இரண்டு பக்கமும் கண்ணாடியாக மின்னுகிறது. வி-பெல்ட் புல்லியைப் பிடிப்பது இந்தப் பக்கச் சுவர்களால்தான். அடிப்பாகம் புல்லியின் குழியைத் தொடவே கூடாது. தேய்ந்த பெல்ட் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடி கிடைக்காது. புல்லியின் அடிக்குழியும் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பையனுக்குக் காட்டுகிறார். பெல்ட்டின் ஒரு விளிம்பில் மட்டும் நூல் பிரிந்திருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேராக ஓடும் பெல்ட் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், ஏதோ ஒரு புல்லி தலையைச் சாய்த்து ஓடுகிறது.

ரேடியேட்டரை வாய்வரை நிரப்பிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்" என்கிறார்.

கீச். பார்க்கில் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்புகிறார்கள். மேஸ்திரி விரல்நுனியால் தண்ணீரை எடுத்துப் பெல்ட்டின் மேல் தெளிக்கிறார். கீச்சொலி சட்டென்று மாறுகிறது, உயர்கிறது, உடைகிறது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது இப்போதுதான் காதில் விழுகிறது: கரகரவென்று, தாழ்ந்து, தண்ணீர் பட்டதையே பொருட்படுத்தாமல். இரண்டும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவரை அது ஒரே சத்தம்.

அணைக்கச் சொல்கிறார். இப்போதுதான் பையனிடம் கை நீட்டுகிறார். "பன்னண்டு நம்பர் குடு." ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, உள்ளே தள்ளி, பெல்ட்டை உருவி எடுத்துவிடுகிறார். பெல்ட் இல்லாமலே ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். பம்ப் சுற்றாது என்பதால் சில நொடிகளுக்கு மேல் ஓடவிடக் கூடாது. அந்தச் சில நொடிகளில் இஞ்சின் துப்புரவாக ஓடுகிறது. கீச்சும் இல்லை, கரகரப்பும் இல்லை. டீச்சரம்மாவின் முகம் மலர்கிறது. நோய் இஞ்சினுக்குள் இல்லை, பெல்ட் இழுக்கும் இரண்டில் ஒன்றில் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

அணைத்ததும் ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுண்டிவிடுகிறார். சத்தமில்லாமல் சுற்றி நிற்கிறது. வாட்டர் பாடியின் புல்லியைச் சுண்டுகிறார். மணல் அரைபடுகிற ஓசை. புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறார், ஆடுகிறது. பையனின் கையைப் பிடித்து இழுத்து அதே புல்லியில் வைக்கிறார். பையன் ஆட்டிப் பார்த்து, "ஆமாண்ணா" என்கிறான்.

இதோடு முடித்திருக்கலாம். பலர் முடித்திருப்பார்கள். ஆனால் ஹெட் கேஸ்கெட் என்ற பயத்தை டீச்சரம்மாவின் மனதிலிருந்து எடுக்காமல் போவது பாதி வேலை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெல்ட்டை மறுபடி மாட்டுகிறார், இந்த முறை அளவாக. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து வண்டியை ஓடவிடுகிறார். எல்லோரும் அந்த வாயையே பார்க்கிறார்கள். ஹெட் கேஸ்கெட் ஓட்டையாகியிருந்தால் சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் புகுந்து, இடைவிடாமல் குமிழி விடும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள் வருகின்றன. உள்ளே அடைபட்டிருந்த காற்று. பிறகு ஒன்றுமில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை; மோந்து பார்க்கிறார், இனிப்பு வாடையும் இல்லை. மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 80 டிகிரியைத் தாண்டியபின் தெர்மோஸ்டாட் திறக்க, ஹோஸ் திடீரென்று சுடுகிறது. கையை எடுத்துவிடுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்றாடி தானாக ஓடத் தொடங்குகிறது, பிறகு நிற்கிறது. தெர்மோஸ்டாட் சரி. காற்றாடி சரி.

இப்போது குனிந்து, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியைப் பம்புக்கு அடியில் நீட்டி, டார்ச்சைப் பிடிக்கிறார். வாட்டர் பாடியின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் கிழிந்தால் தண்ணீர் பேரிங்கைக் கெடுப்பதற்குள் வெளியே வந்து சொல்லட்டும் என்று வடிவமைத்தவர்கள் விட்ட வழி.

"டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க."

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார். துளையின் வாயில் ஒரு சொட்டு திரள்கிறது. பெரிதாகிறது. விழுகிறது, நேரே பெல்ட்டின் மேல். பெல்ட் அதைச் சுழற்றி எறிகிறது. சூட்டில் அது தரையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. பானெட்டில் இருந்த கோடும், தரையில் தடமே இல்லாததும், விரல் நனையாத ரேடியேட்டரும் அந்த ஒரு சொட்டில் சேர்ந்துகொள்கின்றன.

மேஸ்திரி விளக்குகிறார். பெல்ட் தேஞ்சுது, கத்துச்சு. மாத்தாம முறுக்குனாங்க. முறுக்குன வேகத்துல வாட்டர் பாடி பேரிங் போச்சு. பேரிங் ஆடுனதுல சீல் கிழிஞ்சுது. தண்ணி பெல்ட்டு மேல விழுந்து பெல்ட் வழுக்குது. வழுக்குனா திரும்ப கத்துது, திரும்ப முறுக்குறாங்க. "ஹெட்ட எறக்கியிருந்தா, கழட்டி மாட்டி எல்லாம் முடிஞ்சு, இந்தச் சொட்டு அப்படியே விழுந்துட்டுதான் இருக்கும் டீச்சர்."

உண்மை. அலுமினிய ஹெட்டை இறக்கி, மட்டம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு ஏற்றிய பிறகும் இதே முள் இதே மேம்பாலத்தில் ஏறியிருக்கும். அதற்குள் ஒரு ஓய்வூதியக்காரரின் சில மாதப் பணம் கரைந்திருக்கும். தெரியாததைக் கழற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. கழற்றாமலே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை இந்தத் தெருவில் இன்று பார்க்க முடிந்தது.

"நாளைக்கு சர்ச்சுக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிட்டு வந்துடவா?"

"வேணாம் டீச்சர். பேரிங் பிடிச்சுச்சுன்னா பெல்ட் அறுந்துடும். அப்ப நெஜமாவே ஹெட் போயிடும். ஆட்டோவுல போங்க." சொல்லிவிட்டு பெல்ட்டை மறுபடி கழற்றிச் சுருட்டித் தன் பையிலேயே போட்டுக்கொள்கிறார். கடையில் அளவு காட்டவும் ஆயிற்று, யாரும் வண்டியை எடுக்காமல் இருக்கவும் ஆயிற்று.

ரேடியேட்டரை நிரப்பும்போது தரையில் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. தெருநாய் ஒன்று மோந்துகொண்டே வருகிறது. "டேய், மொதல்ல அத தொடச்சு தண்ணி ஊத்துடா. கூலன்ட் இனிக்கும், நக்குச்சுன்னா செத்துடும்." பையன் பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

பிறகு லிஸ்ட். வாட்டர் பாடி, கேஸ்கெட்டோடு. பெல்ட். கீழ் ஹோஸ், கிளிப்பு ரெண்டு. கூலன்ட். டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணி இல்லை. பையன் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறான். மேஸ்திரி எக்செல்லைக் கிளப்பப் போனவர் நிறுத்துகிறார்.

"டைமிங் பெல்ட்டு எப்ப மாத்தினது டீச்சர்? வாட்டர் பாடிய எடுக்க எப்படியும் அந்தக் கவர தெறக்கணும்."

டீச்சரம்மா உள்ளே போய் ஒரு ஃபைலோடு வருகிறார். ஒவ்வொரு பில்லும் தேதிவாரியாகக் கோத்திருக்கிறது. பக்கங்களைப் புரட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார். மேஸ்திரி தேதியைப் பார்க்கிறார், குனிந்து மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்.

"டைமிங் பெல்ட்டு ஒண்ணு. அதையும் சேத்து எழுதிக்கடா."